ஒரு கைக்கு ஒரு சுருட்டுவெட்டி

"டீச்சர், அண்ணன் இதையும் தூக்கிப் போட்டுட்டார்."

அமலதாஸ் கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே நசுங்கிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஸ்பிரிங் தனியாகக் கிடந்தது.

உமையாள் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு தூரம் போட்டார்?"

"வாசலைத் தாண்டி. எதிர்வீட்டு ஸ்கூட்டர் மேல போய் விழுந்துச்சு."

"நல்ல கை."

அமலதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார்.

உமையாள் கைக்கருவிகள் வடிவமைக்கிறவர். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை போகும் சாலையில், ஒரு தகரக் கொட்டகையில், அதையே சொல்லியும் கொடுக்கிறார். பாக்குவெட்டி, நகவெட்டி, தையல் கத்தரி என்று கைக்குள் அடங்குவது எதுவானாலும் சரி. வயது முப்பத்தாறு.

அமலதாஸுக்கு ஐம்பத்துநான்கு. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். கொட்டகையில் படிக்கும் மற்றவர்கள் எல்லாம் அவர் மகள் வயது. அவரை 'பம்ப் அங்கிள்' என்று கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

முதல் நாள் வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு கையால சுருட்டு வெட்டுறதுக்கு ஒரு கருவி செய்யணும். கத்துக்கொடுங்க."

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. பேரு சிங்கராயர். லாரி டிரைவரா இருந்தார். வண்டி கவிழ்ந்து இடது கை போயிடுச்சு. இப்ப எங்ககூடத்தான் இருக்கார்."

"முன்னாடி எதால வெட்டுவார்?"

"பல்லால. கடிச்சுத் துப்பிடுவார். அந்த விபத்துல முன்பல்லும் போச்சு. இப்ப பல்செட். அதால கடிச்சா மேல சுத்தின இலை கிழிஞ்சு பிரிஞ்சு வந்துடுது."

"வீட்டில யாராவது வெட்டிக் கொடுக்கலாமே?"

"கொடுத்தோம். என் மனைவி ஸ்டெல்லா கத்தரியால வெட்டிக் கொடுத்தா. நான் கத்தியால வெட்டிக் கொடுத்தேன். வாங்கி வச்சுக்குவார். பத்த வைக்க மாட்டார். ஒரு நாள், 'இனிமே சுருட்டு வாங்காதீங்க'ன்னு சொல்லிட்டார்."

"நல்லதுதானே."

"டாக்டரும் அதையேதான் சொன்னார். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"அப்புறம் என்ன?"

"அதுதான் அவர் கடைசியாப் பேசினது."

உமையாள் ஒரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து அது அவருடைய முக்காலி.

*

இப்போது அந்த நசுங்கிய பெட்டியை உமையாள் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்படி வேலை செய்யும்?"

"மேசைமேல வச்சுடலாம். ஓட்டைக்குள்ள சுருட்டை விட்டாப் போதும். பட்டதும் அதுவே வெட்டிடும். எலிப்பொறி மாதிரி."

"எலிப்பொறி மாதிரி."

"ஆமா டீச்சர்."

"உங்க அண்ணன் எலியா?"

அமலதாஸ் பெட்டியை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார்.

"கைக்குள்ள அடங்கணும்," என்றார் உமையாள். "அங்கேயிருந்து ஆரம்பிங்க."

*

மறுநாள் உமையாள் அவரிடம் ஒரு சுருட்டையும் மழுங்கிய கத்தியையும் கொடுத்தார்.

"வெட்டுங்க."

வெட்டினார். சுருட்டு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் நார்நாராகப் பிய்ந்தது.

"ஏன்?"

"கத்தி மொட்டை."

உமையாள் கூரான கத்தியைக் கொடுத்தார். அமலதாஸ் இன்னொரு சுருட்டை மேசைமேல் வைத்து வெட்டினார். மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. கீழ்ப்பக்கம் நசுங்கியிருந்தது.

"இப்ப ஏன்?"

அமலதாஸ் குனிந்து பார்த்தார்.

"கத்தி மேலேயிருந்து இறங்குது. கீழே மேசை அப்படியே நிக்குது. கத்தி அடி வரைக்கும் வந்து சேர்றதுக்குள்ள, சுருட்டு மேசைமேல அழுந்திடுது."

"அப்ப மேசைமேல தப்பு."

"இல்லை டீச்சர்… மேசை இருக்கிற இடத்துல இன்னொரு கத்தி இருந்து, அதுவும் இந்தப் பக்கம் வந்தா…"

உமையாள் எழுந்து போய்விட்டார்.

அவர் எழுந்து போனால் அன்றைய பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

*

அமலதாஸ் இரண்டு பிளேடுகளை வரைந்தார். இரண்டுக்கும் அரைவட்ட விளிம்பு. ஒன்றின் முனையில் கட்டைவிரலுக்கு ஒரு வளையம், மற்றதன் முனையில் நடுவிரலுக்கு ஒரு வளையம். விரல்களைச் சேர்த்தால் பிளேடுகள் எதிரெதிராக வந்து நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

உமையாள் படத்தைப் பார்த்தார்.

"சுருட்டில எதை வெட்டணும்?"

"நுனியை."

"நுனி எங்க முடியுது?"

அமலதாஸ் இதை எதிர்பார்த்திருந்தார். சுருட்டின் வாய்ப்பக்கத்தில் ஒரு சின்ன இலைத் துண்டைத் தொப்பி மாதிரி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தொப்பிக்குள் வெட்டினால் சுற்றிய இலை பிரியாது. தொப்பியைத் தாண்டி வெட்டினால் எல்லாம் அவிழ்ந்துவிடும். அவர் ஒரு பெட்டிச் சுருட்டையும் அளந்து வைத்திருந்தார்.

"சராசரி எடுத்துட்டேன் டீச்சர். அந்த அளவுக்கு வெட்டினா சரியா இருக்கும்."

உமையாள் சுருட்டுப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தச் சராசரிச் சுருட்டை எடுங்க, பார்ப்போம்."

அமலதாஸ் தேடினார். எல்லாம் கையால் சுருட்டியவை. ஒன்று தடித்திருந்தது. ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. ஒன்றில் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெட்டி காலியானது. சராசரிச் சுருட்டு அதில் இல்லை.

"பம்ப்ல இந்தப் பிரச்சினை கிடையாது," என்றார்.

"பம்ப்பை யாரும் வாயில வைக்கிறதில்லை."

அன்று முழுக்க அவர் வெறும் சுருட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒன்று தோன்றியது. சுருட்டு தடிமனோ ஒல்லியோ, வளைந்ததோ நேரானதோ, தொப்பி தொடங்குவது உச்சியில்தான். உச்சியிலிருந்து அளந்தால் போதும்.

பிளேடுகளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு வைத்தார். ஓட்டைக்குள் வரும் சுருட்டின் உச்சி அந்தத் தடுப்பில் முட்டி நிற்கும். அதற்குமேல் போகாது. எந்தச் சுருட்டானாலும் தொப்பியில் ஒரு கீற்று மட்டும்தான் வெட்டுப்படும்.

உமையாள் சுருட்டை விட்டுப் பார்த்தார். முட்டி நின்றது.

"ம்," என்றார்.

அவரிடமிருந்து அந்த ஓர் எழுத்தை வாங்க அமலதாஸுக்கு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது.

*

"டீச்சர், அண்ணன் துப்பிட்டார்."

"சுருட்டையா?"

"சுருட்டைத் துப்பிட்டு, என் கருவியைத் தூக்கிப் போட்டுட்டார். கருவி இந்தத் தடவை சாக்கடையில விழுந்துச்சு."

"என்ன ஆச்சு?"

அமலதாஸ் தயங்கினார். கொட்டகையில் எல்லோரும் அரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

"பிளேடு ரெண்டும் இடைவெளியே இல்லாம ஒட்டிக்கிட்டு உரசுற மாதிரி செஞ்சிருந்தேன். பம்ப்ல இடைவெளி இருந்தா கசியும் இல்லையா, அந்தப் பழக்கம். நாலு சுருட்டு வெட்டினதும் புகையிலைப் பிசின் ஏறி இறுகிப் போச்சு. அதனால…"

"அதனால?"

"கொஞ்சம் கிரீஸ் வச்சேன்."

"என்ன கிரீஸ்?"

"பேரிங் கிரீஸ்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "பம்ப் அங்கிள், சுருட்டு எத்தனை ஹெச்.பி.?"

கொட்டகை சிரித்தது. உமையாளும் சிரித்தார். சிரித்து முடிக்க நேரமானது.

"வீட்டில என்ன சொன்னாங்க?"

"ஸ்டெல்லா சொன்னா, 'இத்தனை வருஷம் டீசல் புகையில இருந்த மனுஷனுக்கே இது தாங்கலேன்னா பார்த்துக்கங்க'ன்னு."

"அண்ணன்?"

"அண்ணன் பேசலை."

உமையாள் சிரிப்பை நிறுத்தினார். ஒரு தையல் கத்தரியை எடுத்து, விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ரெண்டு பிளேடும் எங்க தொடுது?"

"குறுக்கே போற இடத்துல மட்டும்."

மெதுவாக மூடினார். "இப்ப?"

"தொடுற இடம் நகர்ந்து போகுது."

"மத்த இடமெல்லாம்?"

"வெளிச்சம் தெரியுது. பிளேடு லேசா வளைஞ்சிருக்கு. நடுவில இடைவெளி இருக்கு டீச்சர்."

"இருக்கட்டும்."

"கசியாதா?"

"கசியட்டும்."

கத்தரியை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

*

அமலதாஸ் பிளேடுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தபோது உமையாள் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணு கேட்கட்டுமா சார்?"

"கேளுங்க டீச்சர்."

"அவர் பேசாட்டி உங்களுக்கு என்ன? சாப்பிடுறார், தூங்குறார். டாக்டர் சந்தோஷமா இருக்கார்."

அமலதாஸ் பிளேடைத் துடைத்தார். மறுபக்கத்தையும் துடைத்தார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று நினைக்கிறவர் அவர்.

"எங்க வீட்டில காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். என்னை ஹாஸ்டல்ல விடுறதுக்கு அண்ணன்தான் வந்தார். வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போன லாரியில. எனக்கு ஒரே பயம். அங்கே எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்க, நான் என்ன பண்ணுவேன்னு. அவர் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. ஆனா வழி பூரா பேசிக்கிட்டே வந்தார். எந்த ஊர் கடையில புரோட்டா நல்லா இருக்கும், எந்தப் பாலத்துல பேய் இருக்கு, எந்த முதலாளிக்கு ரெண்டு சம்சாரம். ஹாஸ்டல் வாசல் வந்ததே எனக்குத் தெரியலை."

உமையாள் டீயைக் குடித்து முடித்தார்.

"இப்ப அவருக்குப் பயம்," என்றார் அமலதாஸ். "எனக்கு அந்த மாதிரி பேச வரலை. எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

பிளேடைத் தூக்கிக் காட்டினார்.

உமையாள் அதை வாங்கிப் பார்த்தார். ஓர் ஓரத்தைக் காட்டினார்.

"இங்க இன்னும் பிசுக்கு இருக்கு."

*

கடைசியாகச் செய்தது நன்றாக வந்தது. அமலதாஸுக்கே தெரிந்தது.

ஒரு கைக்காரருக்கு உண்மையான சிக்கல் வெட்டுவது அல்ல. சுருட்டைப் பிடிப்பது. கருவி வலது கையில் இருந்தால் சுருட்டைப் பிடிக்கக் கை இல்லை. அமலதாஸ் கருவியோடு ஒரு சின்னத் தொட்டிலைச் சேர்த்தார். உள்ளே தக்கை ஒட்டிய இரண்டு கவ்விகள். தடித்த சுருட்டுக்கு விரியும், ஒல்லிக்குச் சுருங்கும். சுருட்டைத் தொட்டிலில் படுக்க வைத்து, அதே கையால் கருவியை எடுத்து, வளையங்களை அழுத்தினால் போதும். பிளேடைச் சுற்றி ஒரு மூடி. பின்னால் தடுப்புத் தகடு. அழுத்தம் தானாகப் போதுமான இடத்தில் நின்றுகொள்ள ஒரு ஸ்பிரிங். இத்தனையும் சேர்ந்து ஒரு கைக்குள் அடங்கியது.

உமையாள் ஒரு சுருட்டை வைத்து அழுத்தினார்.

சத்தமே இல்லை. தொப்பியில் ஒரு கீற்று மட்டும், நாணயம் மாதிரி வட்டமாக, மேசைமேல் விழுந்தது.

இன்னொன்றை வைத்தார். வளைந்த சுருட்டு. அதுவும் அப்படியே.

கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்புகளில் விரலை ஓட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்லை," என்றார்.

பின்வரிசைப் பெண் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

*

வீட்டில் சிங்கராயர் உள்ளறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தத்தை நிறுத்தி வைத்துப் படத்தை மட்டும் பார்ப்பது அவர் வழக்கம்.

அமலதாஸ் கருவியையும் ஒரு சுருட்டையும் அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தார். எப்படி என்று சொன்னார். சொல்லும்போதே தன் குரல் செயல்முறை விளக்கக் கூட்டத்தில் பேசுவது போல இருப்பதைக் கவனித்தார்.

சிங்கராயர் சுருட்டை எடுத்தார். தொட்டிலில் வைத்தார். கவ்வி பிடித்துக்கொண்டது. வளையங்களில் விரலை விட்டு அழுத்தினார்.

கீற்று விழுந்தது.

சிங்கராயர் அந்தக் கீற்றைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். தூக்கிப் போடவில்லை. ஸ்டூலில் மெதுவாக வைத்தார். சுருட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

தீப்பெட்டி அங்கேயே இருந்தது.

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

"டீச்சர், அண்ணன் இந்தத் தடவை தூக்கிப் போடலை."

"நல்லது."

"அதான் பயமா இருக்கு."

உமையாள் அரத்தைக் கீழே வைத்தார்.

அமலதாஸ் நடந்ததைச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கருவியை மேசைமேல் வைத்தார்.

"நீங்க குறை இல்லேன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"கருவியில இல்லை."

"அப்ப எதுல?"

உமையாள் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தொட்டிலைத் தொட்டார்.

"இது எதுக்கு?"

"சுருட்டைப் பிடிக்க."

"கழட்டுங்க."

"டீச்சர், இதுதானே முக்கியமான…"

"கழட்டுங்க சார்."

கழற்றினார். தக்கை ஒட்டிய கவ்விகள் மேசைமேல் உருண்டன. அவற்றைச் சரிசெய்ய எத்தனை சாயங்காலங்கள் போயின என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

"இந்த ஸ்பிரிங்?"

"எவ்வளவு அழுத்தணும்னு அவர் யோசிக்க வேண்டாம். அதுவே பார்த்துக்கும்."

"கழட்டுங்க."

கழற்றினார்.

உமையாள் பிளேடைச் சுற்றியிருந்த மூடியைத் தட்டினார்.

"இது?"

"விரல் உள்ளே போயிடாம இருக்க."

"யார் விரல்?"

"அண்ணனோட…" என்று தொடங்கிய அமலதாஸ் நிறுத்தினார்.

"அண்ணனுக்கு இருக்கிறது ஒரு கை," என்றார் உமையாள். "அந்தக் கை வளையத்துல இருக்கு."

"ஆமா."

"அப்ப யார் விரல் உள்ளே போகும்?"

அமலதாஸ் கருவியைப் பார்த்தார்.

"பழக்கம் டீச்சர். கம்பெனியில எது அசைஞ்சாலும் அதுக்கு ஒரு மூடி போட்டே ஆகணும். யாராவது கையை விட்டுடுவாங்கன்னு."

"யார் சார்?"

அமலதாஸ் மூடியைக் கழற்றினார். ஒரு திருகாணி கீழே விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் அதைத் தேடவில்லை.

இப்போது இரண்டு பிளேடு, இரண்டு வளையம். பின்னால் அந்த மெல்லிய தகடு.

உமையாள் தகட்டைக் காட்டினார்.

அமலதாஸ் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"இதையுமா? இதுக்கு நீங்களே 'ம்' சொன்னீங்க டீச்சர்! இதை எடுத்துட்டா சுருட்டு எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டுக்கணும்."

"யார்கிட்ட?"

உமையாள் எழுந்து போய்விட்டார்.

*

அன்று சாயங்காலம் அமலதாஸ் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சிங்கராயர் உள்ளறையில், அதே நாற்காலியில் இருந்தார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமலதாஸ் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அண்ணனின் முழங்காலுக்குப் பக்கத்தில்.

கருவியை அண்ணனின் மடியில் வைத்தார். இந்த முறை எதையும் விளக்கவில்லை.

சிங்கராயர் குனிந்து பார்த்தார். நேற்று இருந்த தொட்டில், ஸ்பிரிங், மூடி, தகடு எதுவும் இதில் இல்லை. இரண்டு வளையம், இரண்டு பிளேடு, நடுவில் ஒரு ஓட்டை. விரல்களை வளையங்களில் விட்டு ஒருமுறை வெறுமனே அழுத்திப் பார்த்தார். பிளேடுகள் வந்து தாண்டிப் போயின. விளிம்பு பளபளத்தது. அவர் தம்பியைப் பார்த்தார். சுருட்டை எதில் வைப்பது என்று கேட்கிற பார்வை.

அமலதாஸ் பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். நுனிக்குப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்து, ஓட்டைக்குள் விட்டார்.

அவருடைய ஆள்காட்டி விரல் பிளேடுக்கு மிக அருகில் இருந்தது.

சிங்கராயர் அந்த விரலைப் பார்த்தார். தன் கட்டைவிரலை வளையத்திலிருந்து எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"போதுமாண்ணே?" என்றார் அமலதாஸ்.

சிங்கராயரின் கண் விரலிலிருந்து நகரவில்லை.

அமலதாஸ் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓட்டையின் அந்தப் பக்கம் தெரியாது. சுருட்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, தொப்பியோடு நிற்கிறதா, தாண்டிவிட்டதா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் குத்துமதிப்பாக இன்னும் கொஞ்சம் தள்ளினார். விரலும் கூடவே போனது.

சிங்கராயரின் கை விறைத்தது.

"இப்ப?"

சிங்கராயர் வாயைத் திறந்தார். வெகுநாள் நின்றிருந்த வண்டியைக் கிளப்பும்போது வருவது போல, முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு ஒரு கரகரப்பு.

"பின்னால," என்றார்.

அமலதாஸ் அசையவில்லை. சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகமாக இருந்தது.

"பின்னால வாடா. காது கேட்கலையா? முக்கால்வாசி சுருட்டை உள்ளே விட்டுட்டு, விரலையும் சேர்த்து நீட்டிக்கிட்டு இருக்கான்."

அமலதாஸ் சட்டென்று இழுத்தார்.

"அடேய், முழுசா ஏன் எடுக்கிறே? முன்னால வா."

சமையலறையில் மிக்ஸி நின்றது.

அமலதாஸுக்கு எதிரே இருந்தது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கக் கை இல்லை. இப்போது இரண்டு கையாலும் சுருட்டைப் பிடித்திருந்தார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் தள்ளினார்.

சிங்கராயர் நாற்காலியில் முன்னுக்கு வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"வரட்டும்," என்றார். "வரட்டும்… வரட்டும்… கொஞ்சம் லெப்ட்ல ஒடி… வரட்டும்… ஹோல்டான்!"